வீட்டைப் பின்பக்கத்திலிருந்து வரையத் தொடங்குங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தை அடுத்த புதுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

30 அடி அகலம், 60 அடி நீளம், மேற்கு பார்த்த மனை. கிழக்கே சுமார் 2 கிலோமீட்டரில் கடல். வீட்டில் நிரந்தரமாக இருக்கப்போவது இவரும், கணவரும், முழங்கால் வலியோடு நடக்கும் 82 வயது மாமியாரும்தான். மகன் பெங்களூரில். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பத்தோடு வருவார். கீழே 1,100, மேலே 700 சதுர அடி என்று வரைந்து, சுயசான்று முறையில் அனுமதியும் வாங்கியாயிற்று. பூமி பூஜை முடிந்து, பத்து நாளில் கடைக்கால் மார்க்கிங். கையில் இருப்பது ஓய்வூதியப் பணமும் சேமிப்பும் சேர்த்து 55 லட்சம்.

மகன் கைப்பேசியில் படங்களாக அனுப்புகிறார்: இரண்டு மாடி உயர ஹால், மேற்கு முகப்பில் தரையிலிருந்து மேல்தளம் வரை கண்ணாடி, சன்ஷேடே இல்லாத வழவழப்பான எலிவேஷன், ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங். கணவரோ, "மேஸ்திரி முப்பது வீடு கட்டியவர், ஆர்க்கிடெக்ட் எல்லாம் பணக்காரங்களுக்கு" என்கிறார். நடுவில் ஓர் உள் அலங்கார நிறுவனம் 9 லட்சத்துக்கு விலை கொடுத்து, இந்த மாதமே பாதிப் பணம் கட்டினால் சலுகை என்கிறது. அனுமதி வாங்கிய பிறகு பிளானை மாற்றலாமா, மேற்கு வாசல் வீட்டில் ஏசி இல்லாமல் இருக்க முடியுமா, இந்தக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட் தேவையா, மகனிடம் எப்படிச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள். கடிதம் இப்படி முடிகிறது: "எனக்குன்னு கேட்டா, பின்பக்கம் காத்தாட உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம் போதும் சார். இவ்வளவு செலவு பண்ணும்போது இதைப் போய்க் கேட்கறதான்னு யாரிடமும் சொல்லலை."

அம்மா, வணக்கம்.

நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் உங்கள் வீட்டை வரையத் தொடங்குவேன். நீங்கள் அனுப்பிய பிளானை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதில் போர்ட்டிகோவில் காருக்கு இடம் இருக்கிறது, மகன் வரும்போது தங்க மேலே இரண்டு அறைகள் இருக்கின்றன. நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகிற உங்களுக்கு என்று ஒரு மூலைகூட இல்லை. இது யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. என்னிடம் வீடு கட்ட வருகிறவர்களிடம் முதல் சந்திப்பில் எத்தனை அறை வேண்டும் என்று நான் கேட்பதில்லை. காலையில் யார் முதலில் எழுவார்கள், காபி எங்கே உட்கார்ந்து குடிப்பீர்கள், துணி எங்கே காயும், மாமியார் இரவில் எத்தனை தடவை எழுந்திருப்பார், மதியம் கரண்ட் போனால் எங்கே போய் உட்காருவீர்கள் என்றுதான் கேட்பேன். இதற்கெல்லாம் பதில் வந்துவிட்டால் பாதி பிளான் தானாக வந்துவிடும். உங்கள் மகனுடைய படங்கள் வீடு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. அந்த வீட்டில் வைகாசி மாதம் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்பதை எந்தப் படமும் சொல்லாது.

மேற்கு பார்த்த மனை குறையா?

இல்லை. உண்மையில் உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல மனை. 60 அடி நீளம் கிழக்கு மேற்காக ஓடுவதால் வீட்டின் நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். சாய்ந்த வெயில் அடிக்கும் கிழக்கு, மேற்குப் பக்கங்கள் 30 அடிக்குள் முடிந்துவிடும். தெற்கு வெயிலை அடக்குவது சுலபம். நம் ஊரில் மார்கழி உச்சிப் பொழுதில்கூட சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்பதால், 2 அடி சன்ஷேடு பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியல்ல. மூன்று மணிக்கு மேல் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராக உள்ளே வரும். அதைச் சுவரோ மரமோ மறைத்தால்தான் உண்டு.

இப்போது உங்கள் பிளானைப் பாருங்கள். ஹால் மேற்கே இருக்கிறது, அதில் 18 அடி உயரத்துக்குக் கண்ணாடி. கிழக்கே பின்பக்கம் முழுவதையும் சமையலறை, ஸ்டோர், இரண்டு குளியலறைகள் என்று அடைத்திருக்கிறார்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கும் தென்கிழக்குமாக வரும் என்பது கடலூரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காற்று வந்து மோதுவது உங்கள் குளியலறைச் சுவரில். வெயில் வருகிற பக்கத்தைத் திறந்து வைத்து, காற்று வருகிற பக்கத்தை அடைத்திருக்கிறது இந்த பிளான். ஏசி இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டீர்களே, இதை இப்படியே கட்டினால் வெந்துபோகும். அது மேற்கு வாசலால் வருவதல்ல.

ஆகவே வீட்டைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். வாசலும் போர்ட்டிகோவும் மேற்கிலேயே இருக்கட்டும். படிக்கட்டு, குளியலறைகள் போல நாம் அதிக நேரம் உட்காராத பகுதிகளை மேற்குச் சுவரையொட்டி அடுக்கினால் அவை வெயிலை வாங்கிக்கொள்ளும். கிழக்கே வீட்டு அகலத்துக்கு ஒரு பின் தாழ்வாரம். அதிலிருந்து அகலமான கதவு வழியாகச் சாப்பாட்டு இடம், அங்கிருந்து ஹால். மதியத்துக்கு மேல் வீட்டின் நிழல் கிழக்கேதான் விழும், காற்றும் அங்கேதான் வரும். நீங்கள் காய் நறுக்கக் கேட்ட இடம்தான் இந்த மனையிலேயே மிக நல்ல இடம்.

வாஸ்து பார்க்கிறவர் தென்கிழக்கில்தான் சமையலறை என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அமைப்பில் அதற்கு இடைஞ்சல் இல்லை, அதே மூலையில் இருக்கட்டும். காற்று அந்தப் பக்கமிருந்து வருவதால் தாளிப்பு வாசனை ஹாலுக்கு வரும் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. அடுப்புக்கு மேலே நல்ல புகைபோக்கியும், சாப்பாட்டு இடத்துக்கு ஒரு கதவும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குச் சாரல் தாழ்வாரத்துக்குள் அடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கூரையை 3 அடி வெளியே நீட்டி, தரைக்கு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, சுருட்டி இறக்கும் தட்டி ஒன்று மாட்டினால் சமாளிக்கலாம்.

உயரமான ஹால் குளிர்ச்சியாக இருக்கும் என்பது

பாதி உண்மை. சூடான காற்று மேலே ஏறும், சரி. மேலே வெளியேற வழி இல்லையென்றால் அங்கேயே தேங்கி, மாடி அறைகளை இரவு பத்து மணி வரை சுட வைக்கும். நம் பழைய வீடுகளில் முற்றம் செய்த வேலை அந்த வழியைத் திறந்து வைப்பதுதான். புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் போனால் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக அந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். உங்கள் மனைக்கு நடுவில் 6க்கு 8 அடியில் ஒரு சிறு முற்றம் போதும். மேலே கம்பி, அதற்கு மேல் கண்ணாடிக் கூரை, கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போகத் திறப்பு, அதில் கொசுவலை. தெற்கே இன்று காலி மனை இருக்கிறது. நாளை அங்கே வீடு வந்து சன்னல் மறைந்தாலும் முற்றத்து வெளிச்சத்தை யாரும் மறைக்க முடியாது.

கண்ணாடி முகப்புக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடற்கரையில் கட்டடங்களைக் கணக்கிட இந்தியத் தர நிர்ணயம் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். புயல் கடக்கும்போது காற்று திசை மாறி மாறி அடிக்கும். கடல் கிழக்கே இருப்பதால் மேற்குப் பக்கம் பத்திரம் என்று நினைக்க முடியாது. 18 அடிக் கண்ணாடியை அந்த வேகத்துக்கு நிறுத்தலாம், ஆனால் அதற்கான பிரேமுக்கும் தடிமனுக்கும் ஆகும் பணத்தில் உங்கள் முற்றமும் தாழ்வாரமும் முடிந்துவிடும்.

மாடி வெயிலையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நமக்கு நேர் மேலே நிற்கிறது. சுவரைவிட மொட்டை மாடிதான் அதிகச் சூடு வாங்கும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டிய கோல்கொண்டே விடுதியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். செக் நாட்டில் பிறந்த ஆர்க்கிடெக்ட் அந்தோனின் ரேமண்ட் வரைந்தது. அவரிடம் பணியாற்றிய ஜார்ஜ் நகஷிமா இங்கேயே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டார். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய கட்டடம், ஏசி என்பதே நினைப்பில் இல்லாத காலம். நீள முகங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, அவற்றில் சாய்த்துத் திறக்கும் கிடைத் தகடுகளை வரிசையாகப் பொருத்தினார்கள். அறைகளுக்குக் காற்று புகும்படி சட்டமிட்ட தேக்குக் கதவுகள். கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைவான இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவில் காற்று. மனையின் திசையை முதலில் பார்த்துவிட்டுத்தான் அழகைப் பார்த்தார்கள். அந்த அழகு இன்றும் பழசாகவில்லை. உங்கள் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. மொட்டை மாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பதித்து, ஒரு பகுதிக்கு மேலே துணி காயவும் நிழலுக்குமாக இலகுவான கூரை போட்டால் மேலறைகளில் வித்தியாசம் தெரியும். ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமியார் அறைக்கும் உங்கள் அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சுடாத அறையில் ஓடும் ஏசிக்கு வரும் கரண்ட் பில் வேறு.

பூச்சுக்குள்ளே இருப்பது

சென்ற ஆண்டு தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டி பதினாறு வருடம். வெளியே புதுப் பெயின்ட். சன்ஷேடின் அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல் மட்டும் தெரிந்தது. கொத்தனார் சுத்தியலால் லேசாகத் தட்டினார், டொக் என்று வெற்றுச் சத்தம். இரண்டாவது தட்டில் முழங்கை நீளத்துக்குப் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து விழுந்தன. உள்ளே இருந்த கம்பி பரோட்டா போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. சுரண்டி எடுத்தால் நடுவில் பென்சில் குச்சி அளவுக்குத்தான் நல்ல இரும்பு மிச்சம். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த வீட்டில் கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட்டை அளந்தேன். அரை அங்குலம்கூட இல்லை.

மேஸ்திரி தந்த விலைச்சீட்டில் எம்20 கான்கிரீட் என்று இருக்கிறது. இந்த எண் கூடினால் வலு கூடும். கடற்கரைச் சூழலில் வெளிப்படும் கான்கிரீட்டுக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 குறைந்தபட்சம் எம்30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. உப்புக்காற்று நேராகப் படாத உட்பகுதிகளுக்கும் எம்25, 30 மில்லிமீட்டர். மேஸ்திரி முப்பது வீடு கட்டியவர் என்பதை நான் மதிக்கிறேன். கை நேர்த்தியில் அவரை மிஞ்ச என்னால் ஆகாது. கம்பி எவ்வளவு, கான்கிரீட் எது என்பது மட்டும் கணக்குப் போட்டு எழுத வேண்டிய விஷயம், அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும். தளம் போடும் அன்று காலை நீங்களே போய் கம்பிக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் லாரித் தண்ணீர்தான் வழி. சிமென்ட் வாங்கும்போது இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்டைக் கேளுங்கள், உப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் விடுவதை 14 நாளுக்குக் குறைக்கக் கூடாது.

தரை மட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்போதைய சாலையிலிருந்து 2.5 அடியாவது தூக்குங்கள், சாலையும் வருடா வருடம் உயரும். மாமியாருக்காக அந்த உயரத்தை 6 அங்குலப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 12 அங்குல அகலம் கொடுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். அவர் அறையும் குளியலறையும் கீழ்த்தளத்தில், 3 அடிக் கதவோடு, நிலைப்படி தடுக்காமல் இருக்கட்டும்.

உள் அலங்காரத்துக்கு இப்போது பணமா?

வேண்டாம். சுவரே இல்லாத வீட்டுக்கு அலமாரி அளவு எடுக்க யாராலும் முடியாது. பூச்சு முடிந்த பிறகு அளந்துதான் செய்ய வேண்டும். அந்தச் சலுகை உங்களை அவசரப்படுத்துவதற்காக வைத்தது. விலைச்சீட்டில் "வாட்டர் ப்ரூஃப் போர்டு" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ப்ளைவுட் என்றால் ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 710 என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை சிங்க்குக் கீழே ஒரு மழைக்காலம் ஈரம் பட்டால் உப்பிவிடும். சமையலறைக் கீழடுக்குக்கு நான் செங்கல் சுவரும் கடப்பா பலகையுமாகக் கட்டி, முகத்துக்கு மட்டும் கதவு போடச் சொல்வேன். கீலுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 தரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபால்ஸ் சீலிங் ஹாலின் ஓரங்களோடு நிற்கட்டும். மேல்தளத்தில் வேண்டவே வேண்டாம், தளம் கசிந்தால் தெரியாமல் போய்விடும்.

பணம் இப்போது வேண்டாம் என்றேனே தவிர, யோசனை இப்போதே வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். கட்டில் எங்கே, பீரோ எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே என்று வரைபடத்தில் அளவோடு போட்ட பிறகுதான் சன்னல் இடமும் சுவிட்ச் பாக்ஸும் முடிவாக வேண்டும். தளம் போடும் முன்பே ஃபேன் ஹூக் பெட்டி எங்கே என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் ஃபேன் அறை நடுவில் சுற்றும், நீங்கள் மூலையில் படுத்திருப்பீர்கள். சமையல் மேடை உயரத்தை இன்றே அளந்துவிடலாம். செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் வருவது உங்கள் மேடை. உங்கள் உயரம் ஐந்தடிக்குக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீட்டுக்கும் போடுகிற 34 அங்குலம் உங்களுக்கு வந்தால் தினமும் தோள் வலிக்கும். பெரும்பாலும் 31, 32 வரும்.

யாரை அமர்த்துவது, எப்படி எழுதி வாங்குவது

பிளானை மாற்றலாம். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்று 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதியில், வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று நீங்களும் வரைந்தவரும்தான் உறுதி கொடுக்கிறீர்கள். வீடு காற்றோட்டமாக இருக்குமா, கம்பி போதுமா என்று யாரும் சோதித்துத் தந்த சான்று அல்ல அது. நீங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அமைப்பு மாறினால் திருத்திய வரைபடத்துக்குப் புதிதாக அனுமதி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். பழைய அனுமதியை வைத்து வேறு வீடு கட்டினால் விற்கும்போதும் கடன் வாங்கும்போதும் சிக்கல் வரும்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் தருவார். சட்டம் காப்பது அந்தப் பட்டத்தைத்தான், வீடு வரையும் வேலையை மற்றவர்கள் செய்யத் தடையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்ஜினியர் வரைந்தது செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது, யாரும் போட்டுக்கொள்ளலாம். அதனால் செய்த வேலையை நேரில் பார்த்தே முடிவெடுங்கள், அதுவும் ஐந்து வருடம் ஆன வேலையை. ஆர்க்கிடெக்டை முழுப் பணிக்கும் அமர்த்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிளானும் சன்னல், மின்சார, சமையலறை வரைபடங்களும் மட்டும் வாங்கிக்கொண்டு, முக்கியமான நாட்களில் நேரில் வந்து பார்க்கத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். உங்கள் பணத்துக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். கட்டுவது உங்கள் மேஸ்திரியே.

அவரோடு வாய்ப்பேச்சு போதாது. கான்கிரீட் தரம், கம்பி, சிமென்ட் வகை, எது சதுர அடி விலையில் சேரும், எது சேராது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைக்கால், தரை மட்டத்து பிளிந்த் பீம், தளம், பூச்சு என்று வேலை முடிந்த கட்டத்துக்கு மட்டும் பணம், வங்கி வழியாக. கடைசி 5 சதவீதத்தை ஒரு வடகிழக்கு மழை தாண்டும் வரை கையில் வையுங்கள், அதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போகலாம். ரசீது இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படங்கள் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள், அவர் ஆசையாக அனுப்புகிறார். அடுத்த முறை வரும்போது மூன்று மணிக்கு இரண்டு நாற்காலியோடு மனைக்கு அழைத்துப் போங்கள். மேற்கு ஓரத்தில் பத்து நிமிடம், கிழக்கு ஓரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். அதுவரை மார்க்கிங்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கடைக்கால் தோண்டாத வரை மாற்றுவதற்கு ஆவது காகிதச் செலவுதான்.

பின் தாழ்வாரத்துக்கு 6 அடி அகலம் கேளுங்கள். இடம் போதாது என்று 4 அடியில் முடிக்கப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் நாற்காலி போட்டுக் காய் நறுக்கும்போது மாமியார் கைத்தடியோடு உங்களைத் தாண்டிப் போக 2.5 அடி வேண்டும்.

அன்புடன்.